அசிஸ்டண்டுகளைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: நியூயார்க்

வீட்டில் பெருங்காயம் தீர்ந்துவிட்டது என்று மருமகள் சொன்னாள். நியூஜெர்சியில் மகன் குடியிருக்கும் தெருவுக்குப் பக்கத்திலேயே நாலைந்து இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு மன்ஹாட்டன் வரை ரயிலேறிப் போய் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினேன். கூட வந்தவர் என் சம்பந்தி, மருமகளின் அப்பா. பேரனைப் பார்க்க வந்த இடத்தில் இரண்டு மாதமாக ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே சாலையை வேடிக்கை பார்த்து இருவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

கடை லெக்சிங்டன் அவென்யூ 123ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது. கலுஸ்டியன்ஸ் என்று பெயர். உள்ளே நுழைந்ததும் மல்லியும் சீரகமும் காய்ந்த மிளகாயும் கலந்த வாசனை. கண்ணை மூடிக்கொண்டால் மாயவரம் கடைத்தெருவில் நிற்பதுபோல இருந்தது. இதே கட்டடத்தில்தான் 1881 செப்டம்பர் 20ஆம் தேதி அதிகாலை 2.15 மணிக்கு செஸ்டர் ஆர்தர் அமெரிக்காவின் 21ஆவது அதிபராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். அப்போது இது அவருடைய வீடு. அதிபர் கார்ஃபீல்ட் முந்தைய இரவு இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. உள்ளூர் நீதிபதி ஒருவரை எழுப்பி அழைத்துவந்து, துணை அதிபர் ஆர்தரை அதிபர் ஆக்கினார்கள். நியூயார்க் நகரத்தில் பதவியேற்ற அதிபர்கள் இரண்டே பேர். முதலாமவர் வாஷிங்டன்.

சம்பந்தி பெருங்காய டப்பாவை முகர்ந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: “துணை அதிபராக இருந்தவர் நடுராத்திரியில் முதலாளி ஆகிவிட்டாரா?”

அவருக்கு அந்தக் கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நீடாமங்கலம் பக்கத்து ஸ்டேஷன்களில் 31 வருடம் அசிஸ்டண்ட் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ராத்திரிப் பணியில் ஸ்டேஷன் முழுவதும் அவர் பொறுப்பு. காலையில் பெரியவர் வந்ததும் மறுபடி அசிஸ்டண்ட். நானோ கணக்கு வாத்தியார். பள்ளியில் வினாடி வினாப் போட்டி நடத்தியே அமெரிக்க அதிபர்களை வரிசையாக மனப்பாடம் செய்தவன். துணை அதிபர்களை மட்டும் நான்கூட மதித்ததில்லை.

ஆர்தரின் கதை இன்னும் கொஞ்சம் வேடிக்கையானது. பதவியேற்ற அந்த ராத்திரியில் அவருக்கு அடுத்து வர யாருமே கிடையாது. துணை அதிபர் இல்லை. செனட்டுக்குத் தற்காலிகத் தலைவர் இல்லை. கீழ்ச்சபைக்குச் சபாநாயகரும் இன்னும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. வாஷிங்டன் போய்ச் சேர்வதற்குள் தனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? செனட்டைக் கூட்டும் அறிவிப்பை எழுதி, ‘அதிபர்’ என்று மட்டும் முகவரியிட்டு வெள்ளை மாளிகைக்குத் தபாலில் போட்டார். பத்திரமாகப் போய்ச் சேர்ந்தபின் தன் கடிதத்தைத் தானே வாங்கிக்கொண்டார்.

கட்சிக்காரர்களுக்கு வேலை பிடித்துக் கொடுத்தே வளர்ந்தவர் ஆர்தர். நியூயார்க் துறைமுகச் சுங்க வசூல் அதிகாரியாக இருந்தபோது, அந்த விவகாரத்தில்தான் 1878இல் அதிபர் ஹேய்ஸ் அவரை வேலையைவிட்டு நீக்கினார். அப்படிப்பட்டவர் நாட்டுக்கே அதிபர் என்றதும் பலருக்கு வயிற்றைக் கலக்கியது. அதே நகரத்தில் நோயாளியாக வீட்டோடு முடங்கிக் கிடந்த ஜூலியா சாண்ட் என்ற பெண் அவருக்குக் கடிதம் எழுத ஆரம்பித்தார். துதி பாடவில்லை, இனிமேலாவது ஒழுங்காக இருங்கள் என்ற தோரணையில் எழுதினார். 1882 ஆகஸ்டில் ஒருநாள் ஆர்தர் முன்னறிவிப்பே இல்லாமல் அந்த அம்மாள் வீட்டு வாசலில் போய் நின்றார். அடுத்த வருடம் தகுதித் தேர்வு வைத்து அரசு வேலை கொடுக்கும் பென்டில்டன் சட்டத்தில் கையெழுத்திட்டதும் அவர்தான். சாகும் முன் தன் காகிதங்களில் பெரும்பகுதியைக் கொளுத்தச் சொன்னவர், அந்த அம்மாளின் 23 கடிதங்களை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

பத்து நிமிடம் நடந்தால் மேடிசன் ஸ்கொயர் பூங்கா. ஒரு மூலையில் ஆர்தர் சிலை. இன்னொரு மூலையில் அவரை வளர்த்துவிட்ட கட்சித் தலைவர் ராஸ்கோ கான்க்ளிங் சிலை. சட்டத்தில் கையெழுத்திட்ட சிஷ்யனும் அது வேண்டாம் என்ற குருவும் ஒரே பூங்காவில், முகம் பார்க்காமல்.

“இதே மாதிரி இன்னும் எத்தனை அசிஸ்டண்டுகள் இருக்கிறார்கள்?” என்றார் சம்பந்தி. மாலை வீட்டுக்கு வந்து பெருங்காயத்தைக் கொடுத்துவிட்டுப் பயணத் திட்டம் போட்டோம். ஒரு டப்பா பெருங்காயத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டார். ஐந்து நாளும் ரொட்டி தின்று வயிறு கெட்டுவிடுமாம்.

இரண்டாம் நாள்: ரயில்

நியூயார்க்கிலிருந்து பஃபலோவுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல். ரயில் வடக்கே போகும்வரை இடப்பக்கம் ஹட்சன் ஆறு கூடவே வருகிறது. தண்ணீருக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு வரப்பு அகலம்தான். சம்பந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து ஆற்றைப் பார்க்காமல் சிக்னல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

இந்தத் தடத்தில் இவ்வளவு துணை அதிபர்கள் கிடப்பார்கள் என்று நான் நினைக்கவே இல்லை. நியூயார்க் மாநிலம் மட்டும் 11 பேரைக் கொடுத்திருக்கிறது. ரைன்கிளிஃப் ஸ்டேஷனில் நின்றோம். ஆற்றுக்கு அக்கரையில் கிங்ஸ்டன். அங்கே பழைய டச்சு தேவாலயத்து முற்றத்தில் ஜார்ஜ் கிளின்டன் புதைக்கப்பட்டிருக்கிறார். ஜெஃபர்சன், மேடிசன் என்று இரண்டு அதிபர்களுக்குத் துணையாக இருந்தவர். பதவியிலேயே இறந்த முதல் துணை அதிபரும் அவரே, 1812இல். அவரோடு சேர்த்துப் பதவியில் இறந்த துணை அதிபர்கள் ஏழு பேர்.

இக்கரையில் லீவை மார்ட்டன். பெரும் பணக்கார வங்கியாளர். 1880இல் கார்ஃபீல்டின் ஆட்கள் முதலில் இவரிடம்தான் வந்து துணை அதிபராக நிற்கிறீர்களா என்று கேட்டார்கள். கட்சித் தலைவர் கான்க்ளிங் முகம் சுளிப்பார் என்று மறுத்துவிட்டார். அந்த இடம் ஆர்தருக்குப் போனது. அடுத்த வருடமே நாற்காலியும் போனது. எட்டு வருடம் கழித்து பெஞ்சமின் ஹாரிசனுக்குத் துணையாக வர மார்ட்டன் சம்மதித்தார். ஹாரிசன் நான்கு வருடமும் கல்லுப்பிள்ளையார்போல் இருந்தார். மார்ட்டன் தன் 96ஆவது பிறந்த நாளன்று இறந்தார்.

“வண்டியைத் தவறவிட்டவர்” என்றார் சம்பந்தி, ஒரே சொல்லில் தீர்ப்பு.

அடுத்து ஹட்சன் ஊர். அங்கிருந்து சற்றுத் தள்ளி கிண்டர்ஹூக், மார்ட்டின் வான் பியூரன் பிறந்த இடம். வீட்டில் டச்சு பேசி வளர்ந்தவர். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரே அதிபர். துணை அதிபராக இருந்துகொண்டே தேர்தலில் நின்று 1836இல் அதிபரானார். அந்தச் சாதனையை மறுபடி செய்ய 1988இல் மூத்த புஷ் வரவேண்டியிருந்தது. 152 வருட இடைவெளி. வான் பியூரனுக்குத் துணையாக வந்தவர் கென்டக்கியின் ரிச்சர்ட் ஜான்சன். அடிமையாகப் பிறந்த ஜூலியா சின் என்ற பெண்ணோடு மனைவியென்றே வெளிப்படையாக வாழ்ந்து, பிறந்த இரு மகள்களையும் தன் மகள்கள் என்று சொல்லி வளர்த்தார். அது பொறுக்காத வர்ஜீனியா வாக்காளர் குழு அவருக்கு ஓட்டுப் போட மறுத்தது. பெரும்பான்மைக்கு ஒன்று குறையவே, செனட் கூடி அவரைத் தேர்ந்தெடுத்தது. செனட் தேர்ந்தெடுத்த துணை அதிபர் இன்றுவரை அவர் ஒருவர்தான். பதவியில் இருக்கும்போதே ஊருக்குப் போய்ச் சத்திரமும் சாராயக்கடையும் நடத்தினார் என்பது வேறு கதை. ஊரார் சிரித்தார்கள். அவருக்குக் கடன் இருந்தது.

யூட்டிகா வந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. டாஃப்டின் துணை அதிபர் ஜேம்ஸ் ஷெர்மன் ஊர். 1912 அக்டோபர் 30ஆம் தேதி இறந்தார். ஒரு வாரத்துக்குள் தேர்தல். வாக்குச்சீட்டில் பெயரை மாற்ற நேரமில்லை. லட்சக்கணக்கான பேர் இறந்தவருக்கு ஓட்டுப் போட்டார்கள். அந்தத் தேர்தலில் டாஃப்ட் மூன்றாவது இடத்துக்கு வந்ததற்கு அது காரணமில்லை என்று சொல்லியாக வேண்டும்.

இருட்டத் தொடங்கியதும் சம்பந்தி தன் கதையை எடுத்தார். அவர் ஊர் மன்னார்குடிப் பக்கம். துளசேந்திரபுரம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தா கோபாலனின் பூர்வீக ஊர் அது. தர்ம சாஸ்தா கோயில் நன்கொடையாளர் கல்வெட்டில் கமலாவின் பெயர் இருக்கிறது. துணை அதிபர் ஆவதற்குப் பல வருடம் முன்பே பொறித்தது. சம்பந்தி அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறாராம். நான் என் பங்குக்கு ஒரு துணுக்கைச் சொன்னேன். 2021 நவம்பர் 19ஆம் தேதி பைடன் குடல் பரிசோதனைக்காக மயக்க மருந்து எடுத்துக்கொண்டபோது அதிபர் அதிகாரம் முழுவதும் 85 நிமிடம் கமலாவிடம் இருந்தது.

“எண்பத்தைந்து நிமிடமா? இரண்டு வண்டிக்கு லைன் கிளியர் கொடுத்துவிடலாம்” என்றார்.

மூன்றாம் நாள்: பஃபலோ

சம்பந்தியின் தங்கை மகன் இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். காரும் வைத்திருக்கிறான். “மாமா, நயாகராவுக்குத்தானே?” என்று உற்சாகமாக வந்தவனிடம் கல்லறைக்குப் போகவேண்டும் என்று சொன்னோம். முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும்.

முதலில் ஃபோர்டம் டிரைவ். சாதாரணக் குடியிருப்புத் தெரு. இரு பக்கமும் வீடுகள், நடுவே புல்தரை, அதில் ஒரு பாறாங்கல், கல்லில் ஒரு தகடு. 1901இல் இங்கே பெரிய பொருட்காட்சி நடந்தது. நயாகராவிலிருந்து வந்த மின்சாரத்தில் காட்சி வளாகமே ஜொலித்தது. செப்டம்பர் 6ஆம் தேதி இசை மண்டபத்தில் அதிபர் மெக்கின்லி வரிசையில் வந்தவர்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தார். லியோன் சொல்காஷ் என்பவன் கைக்குட்டை சுற்றிய கையோடு வந்தான். காயக்கட்டு என்று நினைத்தார்கள், உள்ளே துப்பாக்கி. வரிசையில் பின்னால் நின்ற ஜேம்ஸ் பார்க்கர் என்ற கறுப்பினத்தவர் பாய்ந்து அவனை அடித்து வீழ்த்தினார்.

காட்சி வளாகம் முழுக்க விளக்கு எரிந்தது. அறுவைச் சிகிச்சை நடந்த சிறிய மருத்துவமனையில் மட்டும் போதிய வெளிச்சம் இல்லை. சாயும் சூரியனின் ஒளியைப் பிரதிபலித்து வயிற்றுக்குள் பார்த்தார்கள். பொருட்காட்சியில் எக்ஸ்ரே கருவி காட்சிக்கு இருந்தது, அதைப் பயன்படுத்தவில்லை. குண்டு கிடைக்கவே இல்லை. எட்டாம் நாள் மெக்கின்லி இறந்தார்.

மெக்கின்லி சுடப்பட்ட அன்று பஃபலோ வந்து இறங்கியவர்களில் ஒருவர் ராபர்ட் லிங்கன், ஆபிரகாம் லிங்கனின் மகன். அப்பாவின் மரணப் படுக்கை அருகே இருந்தவர். 1881இல் கார்ஃபீல்ட் சுடப்பட்ட ரயில் நிலையத்தில் அமைச்சராக நின்றவர். மூன்றாவதாக இது. இந்தத் துணுக்கை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் ஒரு நிமிடம் வாயடைத்துப் போவார்கள். எனக்கு அது போதும்.

அடுத்து டெலவேர் அவென்யூவில் வில்காக்ஸ் இல்லம். தியோடர் ரூஸ்வெல்ட் பதவியேற்ற அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள்: புத்தக அலமாரி, கணப்பு, ஒரு மேசை. இதற்குள் ஒரு தேசத்தின் அதிகாரம் கைமாறியது என்று நம்புவது கடினம். ரூஸ்வெல்ட் துணை அதிபர் ஆனதே ஒரு சூழ்ச்சியால். நியூயார்க் கவர்னராக இருந்து கட்சிப் பெருந்தலைகளுக்குக் குடைச்சல் கொடுத்தார். 1899இல் துணை அதிபர் ஹோபார்ட் இறந்ததும் அந்த இடத்துக்கு இவரைத் தள்ளி, பேச்சுமூச்சில்லாத பதவியில் முடக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பதவியேற்று ஆறு மாதத்தில் மெக்கின்லி சுடப்பட்டார். பிழைத்துவிடுவார் என்று மருத்துவர்கள் சொன்னதால் ரூஸ்வெல்ட் அடிரோன்டாக் மலையேறப் போய்விட்டார். மார்சி சிகரத்திலிருந்து இறங்கும் வழியில் ஒரு குட்டிக் குளக்கரையில் தந்தி அவரைத் தேடி வந்தது. அந்தக் குளத்தில்தான் ஹட்சன் ஆறு பிறக்கிறது. நேற்று முழுவதும் எங்களோடு வந்த அதே ஆறு. ராத்திரியோடு ராத்திரியாகக் குதிரை வண்டியில் மலைப்பாதையில் இறங்கி ரயில் நிலையம் வந்தபோது, மெக்கின்லி இறந்த செய்தி பிளாட்பாரத்தில் காத்திருந்தது.

சம்பந்தி அந்த அறையின் கயிற்றுத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். “ராத்திரி இரண்டு மணிக்கு ஆள் வந்து கதவைத் தட்டினால் என்ன விஷயம் என்று கேட்கவே பயமாக இருக்கும், சம்பந்தி” என்றார். அவருடைய 31 வருடத்தில் எந்த ராத்திரியைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

ஃபாரஸ்ட் லான் கல்லறைத் தோட்டத்தில் மில்லார்ட் ஃபில்மோர். இளஞ்சிவப்புக் கருங்கல் தூண். இங்கே நான் ஒரு பாவமன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. வெள்ளை மாளிகையில் முதல் குளியல் தொட்டியை வைத்தவர் ஃபில்மோர் என்று பல வருடம் வினாடி வினாவில் கேள்வி கேட்டு, பதில் சொன்ன பிள்ளைகளுக்குப் பேனாவும் பரிசு கொடுத்திருக்கிறேன். அது முழுப் பொய். எச்.எல். மென்கென் என்ற பத்திரிகையாளர் 1917 டிசம்பரில் போர்க்காலச் சலிப்பைப் போக்க வேடிக்கையாக ஒரு கட்டுரை எழுதினார். ஊர் நம்பிவிட்டது. 1926இல் அவரே பொய் என்று ஒப்புக்கொண்டும் கதை சாகவில்லை. கடல் தாண்டி மாயவரம் வரை வந்து என்னைப் பிடித்துக்கொண்டது.

உண்மையில் ஃபில்மோரைப் பற்றிச் சொல்ல வேண்டியது குளியல் தொட்டி அல்ல. 1850 ஜூலையில் அதிபர் டெய்லர் திடீரென்று இறந்தார். அடிமை முறை குறித்த சமரச மசோதாக்களை எதிர்த்து நின்றவர் டெய்லர். பதவிக்கு வந்த ஃபில்மோர் அவற்றில் கையெழுத்திட்டார். தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன கொடிய சட்டமும் அதில் அடக்கம். ஒரு ஆள் மாறியதால் எத்தனை பேரின் தலையெழுத்து மாறியது. அதே மனிதர் 1855இல் ஆக்ஸ்ஃபோர்ட் கொடுக்க வந்த கௌரவப் பட்டத்தை, தனக்கு லத்தீன் தெரியாது, படிக்கத் தெரியாத பட்டத்தை வாங்கக்கூடாது என்று மறுத்தார். இந்த ஒன்றுக்காக அவர் தூணுக்கு முன்னால் ஒரு கும்பிடு போட்டேன். பையன் படிக்கும் பல்கலைக்கழகத்தின் முதல் வேந்தரும் இவர்தான். அவனுக்கு அது தெரியாது. “தேர்வில் வராது, மாமா” என்றான்.

நான்காம் நாள்: மென்டர், கிளீவ்லாந்து

ஈரி ஏரியோரமாக மேற்கே சுமார் 260 கிலோமீட்டர். மழை. மென்டரில் கார்ஃபீல்டின் பண்ணை வீடு. 1880 தேர்தலில் இவர் ஊர் ஊராகப் போகவில்லை. ஆயிரக்கணக்கானோர் இவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். திண்ணையில் நின்று பேசினார். ஜெர்மானியர்கள் வந்தபோது ஜெர்மன் மொழியிலேயே பேசினார். அந்தத் திண்ணையில் சம்பந்தி உட்கார்ந்து பார்த்தார். நம் வீட்டுத் திண்ணைக்கு ஈடில்லை என்று தீர்ப்பு.

ஒரு கையால் லத்தீனும் மறு கையால் கிரேக்கமும் ஒரே நேரத்தில் எழுதுவார் என்ற கதைக்கு உறுதியான சான்று கிடையாது. ஃபில்மோரிடம் சூடுபட்டதால் இதை நான் இனிச் சொல்வதாக இல்லை. ஆனால் பிதாகரஸ் விஷயம் உண்மை. 1876இல், காங்கிரஸ் உறுப்பினராக இருந்தபோது கார்ஃபீல்ட் பிதாகரஸ் தேற்றத்துக்குப் புதிதாக ஒரு நிரூபணம் கண்டார். ஒரு கல்விப் பத்திரிகையில் அச்சானது.

மழை விடும்வரை அதைப் பையனுக்கு நோட்டில் வரைந்து காட்டினேன். ஒரே அளவான இரண்டு செங்கோண முக்கோணங்கள். ஒன்றின் நெட்டைப் பக்கமும் மற்றதன் குட்டைப் பக்கமும் ஒரே கோட்டில் வரும்படி ஒட்டி வைத்தால், இரண்டு கர்ணங்களுக்கும் நடுவே இன்னொரு செங்கோணம் தானாக விழும். மேல்முனைகளைச் சேர்த்தால் முழு உருவம் ஒரு சரிவகம். அதன் பரப்பைச் சூத்திரப்படி ஒரு முறை, மூன்று முக்கோணங்களின் கூட்டலாக ஒரு முறை எழுதிச் சமன் செய்தால், இரண்டு வரியில் பிதாகரஸ் வந்து நிற்பார். பொறியியல் படிக்கும் பையன் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு தானே ஒரு முறை போட்டுப் பார்த்தான். கல்லறைப் பயணத்தில் அவன் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

இப்படிப்பட்ட மூளைக்காரர் பதவியேற்று நான்கே மாதத்தில் சுடப்பட்டார். 79 நாள் படுத்திருந்து இறந்தார். குண்டைவிட மருத்துவர்களின் கழுவாத விரல்கள் செய்த கேடு பெரிது. தலைமை மருத்துவரின் பெயர் டாக்டர் பிளிஸ். பட்டமும் டாக்டர், பெற்றோர் வைத்த பெயரும் டாக்டர். தொலைபேசி கண்ட கிரகாம் பெல் உலோகம் தேடும் கருவியோடு வந்து குண்டைத் தேடினார். மெத்தைக்குள் இருந்த உலோகச் சுருள்கள் கருவியைக் குழப்பின. அந்த 79 நாளும் துணை அதிபர் ஆர்தர் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார். அதிபர் உயிரோடு இருக்கிறார், செயல்பட முடியவில்லை. துணைவர் பொறுப்பேற்கலாமா என்பதற்கு அரசியல் சாசனத்தில் தெளிவான பதில் இல்லை. 1967இல் 25ஆவது திருத்தம் வந்துதான் அதைத் தீர்த்தது. சுட்டவன் வேறு ‘இனி ஆர்தர் அதிபர்’ என்று கத்தியிருந்தான். மனிதர் வெளியே தலைகாட்டவே கூசியிருப்பார்.

மாலையில் கிளீவ்லாந்து. லேக் வியூ கல்லறைத் தோட்டத்தில் 180 அடி உயரக் கோபுரம். நிலவறையில் கார்ஃபீல்டின் சவப்பெட்டி கொடி போர்த்திக் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. சம்பந்தி உள்ளே வரவில்லை. படியிலேயே நின்றுவிட்டார்.

ஐந்தாம் நாள்: இண்டியானாபொலிஸ்

ஐந்து மணி நேரக் கார். வழியில் பேச்சு டைலரைப் பற்றி. 1841இல் வில்லியம் ஹென்றி ஹாரிசன் பதவியேற்று ஒரே மாதத்தில் இறந்தார். துணை அதிபர் டைலர் முழு அதிபரா, பொறுப்பு அதிபரா என்று சண்டை. ‘பொறுப்பு அதிபர்’ என்று முகவரியிட்டு வந்த கடிதங்களைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார் டைலர். அவருக்குப் பின் வந்த ஏழு பேரும் மரணத்தால் கிடைத்த நாற்காலியில் முழு அதிபராக உட்கார்ந்தது அந்தப் பிடிவாதத்தின் தயவால்.

“1790இல் பிறந்த டைலரின் பேரன் 2025 வரை உயிரோடு இருந்தார்” என்றேன்.

சம்பந்தி நம்பவில்லை. குளியல் தொட்டிக் கதையா என்றார். கணக்குப் போட்டுக் காட்டினேன். டைலருக்கு 63 வயதில் ஒரு மகன். அந்த மகனுக்கு 75 வயதில் ஒரு மகன். “கெட்டிக்காரக் குடும்பம்” என்று மட்டும் சொன்னார்.

கிரவுன் ஹில் கல்லறைத் தோட்டம் மிகப் பெரியது. அலுவலகத்தில் இருந்தவர் எங்களைப் பார்த்ததும் வங்கிக் கொள்ளைக்காரன் ஜான் டில்லிஞ்சரின் கல்லறைக்குத்தானே என்றார். எல்லாரும் அங்கேதான் போகிறார்கள். கல்லைச் செதுக்கி நினைவுக்கு எடுத்துப்போவதால் அதைப் பல முறை மாற்றி வைத்திருக்கிறார்கள். இல்லை, துணை அதிபர்கள் என்றோம். எந்தத் துணை அதிபர்? மூன்று பேரும். அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்துவிட்டு வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார்.

முதலில் டாமஸ் ஹென்ட்ரிக்ஸ். அதிபர் குரோவர் கிளீவ்லாந்துக்குத் துணை; 1885 நவம்பரில், பதவியேற்று ஒன்பது மாதத்துக்குள் இந்த ஊரிலேயே இறந்தார். அப்போது மறுபடியும் அடுத்த வாரிசு யாருமில்லாத ஆர்தர் காலத்து நிலை. பயந்துபோய் மறு வருடமே வாரிசு வரிசைச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அப்புறம் சார்லஸ் ஃபேர்பேங்க்ஸ், ரூஸ்வெல்டின் துணை. அலாஸ்காவில் ஒரு நகரம் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. அதற்கப்புறம் டாமஸ் மார்ஷல், வில்சனின் துணை. 1916 தேர்தலில் இரண்டு கட்சிகளும் துணை அதிபர் வேட்பாளரை இண்டியானாவிலேயே பிடித்தன: இங்கே மார்ஷல், அங்கே ஃபேர்பேங்க்ஸ். மார்ஷல் ஜெயித்தார். இப்போது இருவரும் ஒரே தோட்டத்தில்.

மார்ஷல் நகைச்சுவைக்காரர். அவர் சொன்ன கதை: ஒரு ஊரில் இரண்டு சகோதரர்கள். ஒருவன் கடலுக்கு ஓடிப்போனான். மற்றவன் துணை அதிபர் ஆனான். இருவரைப் பற்றியும் அப்புறம் யாரும் கேள்விப்படவே இல்லை. 1919 அக்டோபரில் வில்சனுக்குப் பக்கவாதம் வந்தபோது அந்த நகைச்சுவை அவர்மீதே திரும்பியது. நிலைமை எவ்வளவு மோசம் என்று அவரிடம் யாரும் முறைப்படி சொல்லவில்லை. வில்சனின் மனைவி எடித் கோப்புகளை வாங்கி, எதைக் கணவரிடம் காட்டுவது என்று முடிவு செய்தார். மார்ஷல் நாற்காலிக்குக் கை நீட்டவில்லை, பேசாமல் இருந்தார்.

அதைக் கேட்டதும் சம்பந்தி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மார்ஷலின் கல் மண்டப வாசலில் பூ இல்லை, காசு இல்லை, எங்களைத் தவிர ஆளும் இல்லை. படியில் கிடந்த சருகுகளைக் காலால் ஓரமாக ஒதுக்கினார்.

வெளியே வரும்போது மருமகள் தொலைபேசியில் அழைத்தாள். ஐந்து நாளும் யார் யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்டாள் போலும். சம்பந்தி ஸ்டேஷன் பெயர்களை அறிவிக்கும் குரலில் சொல்ல ஆரம்பித்தார்: “ஆர்தர், கிளின்டன், மார்ட்டன், வான் பியூரன், ஷெர்மன், ரூஸ்வெல்ட், ஃபில்மோர், ஹென்ட்ரிக்ஸ், ஃபேர்பேங்க்ஸ், மார்ஷல்.”

மறுமுனையில் ஏதோ கேட்டாள்.

“எல்லாரும் நம்ம ஆட்கள்தான் அம்மா. அசிஸ்டண்டுகள்.”